இரண்டு விரற்கடை

அத்தியாயம் பதினான்கு

காலை ஒன்பதே முக்கால். எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே, இரும்புச் சாமான்களைக் கழற்றி வைக்கும் தட்டில் தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். சாவிக்கொத்து, பெல்ட், கைக்கடிகாரம், ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர்.

"ஸ்கேனுக்கு வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்றாள் அக்கா.

"ரெண்டுக்கும்தான். உங்க மூணாவது லிஃப்ட் கதவு மூடறப்போ இழுக்குது. யார்கிட்ட சொல்றது?"

முப்பத்து நாலு வயது லிஃப்ட் மெக்கானிக். கண்ணின் வெள்ளை, பழைய காகிதம்போல் மஞ்சள் தட்டியிருந்தது. பேசிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தான், கழுத்தைச் சொறிந்தான், கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டான். ஓரிடத்தில் நிற்க அவனால் முடியவில்லை.

அக்காவுக்கும் அன்று கைகால் ஓடவில்லை. பதினோரு வருஷமாக இதே மெஷினில் படம் எடுக்கிறவள். 'காந்தம்' என்ற பட்டப்பெயரைச் சொன்னால் அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன்வரை தெரியும். ஆனால் காலையிலிருந்து அதே படிவத்தை மூன்று தடவை நிரப்பிவிட்டாள்.

போன வியாழக்கிழமை ஈரல் டாக்டரின் அறையில் நடந்ததை இருவரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? பித்தக் குழாய்கள் அங்கங்கே சுருங்கிவிட்டன. பித்தம் வடிய வழியில்லாமல் ஈரல் உள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கிறது. தம்பி மனைவியின் ஈரல் பொருந்திவிட்டது. அதில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து இவனுக்கு வைக்கலாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தேதி. அவள் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். என் வியாதிக்கு அவளை எதற்கு வெட்டுவது, ஒரே நாளில் இரண்டு பேரும் மேஜையில் படுத்தால் நாலு வயசு மகளுக்கு யார் என்று வராந்தாவரை சத்தம்.

ஈரல் டாக்டர்தான் நடுவில் ஒரு வழி சொன்னார். ரத்தப் பரிசோதனை என்பது மொத்த வீட்டுக்கும் ஒரே மீட்டர் மாதிரி. எந்த அறையில் விளக்கு எரிகிறது, எந்த அறை இருட்டு என்று அது சொல்லாது. ஸ்கேனில் அதற்கென்றே ஒரு மருந்து இருக்கிறது. ஊசியில் ஏற்றினால், வேலை செய்கிற ஈரல் அதை உறிஞ்சிக்கொண்டு படத்தில் வெள்ளையாய் மின்னும். பிறகு பித்தத்தோடு குழாய்வழியே வடியும். வேலை செய்யாத இடம் சாம்பல் நிறமாகவே கிடக்கும். மருந்துக்கு முன்னால் ஒரு படம், மருந்து போய் இருபதாவது நிமிஷம் ஒரு படம். எத்தனை சதவீதம் வெளுத்தது என்று ஒரு கணக்கு. அவர் போட்ட கோடு ஐம்பது. மேலே போனால் ஆறு மாசம் தள்ளலாம், குழாயை அகலப்படுத்திப் பார்க்கலாம். கீழே இருந்தால் கையெழுத்து.

"பேச்சு மாறக் கூடாது," என்று மனைவி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவனைப் படம் எடுக்க வேண்டியவர் மூத்த டெக்னீஷியன். சொந்தக்காரர்களை நாமே எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மெஷினை இயக்கும் கன்சோலுக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது. பத்து மணிக்கு இரண்டாவது மெஷினுக்கு ஒரு பக்கவாதக் கேஸ் அவசரமாக வந்து சேர்ந்தது. அங்கே அன்று அக்காவுக்குத்தான் டியூட்டி.

நீங்கள் அங்கே போங்கள் சார், இதை நான் முடித்துவிடுகிறேன் என்றாள்.

மூத்தவர் சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இது உன் தம்பி இல்ல?"

"சீட்டுல அப்படி எழுதியிருக்கா சார்?"

வாதாட அவருக்கு நேரமில்லை. ஓடினார்.

அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அரிப்பில் துடிக்கிறவனை வேறு யார் எடுத்தாலும் அதட்டுவார்கள். அவன் நெளிவான், படம் கெடும். நான் சொன்னால் கேட்பான்.

படுக்கையில் படுக்கவைத்து வயிற்றின்மேல் காயிலை வைத்தாள். தட்டையான மெத்தைபோல் இருக்கும்; உடம்பிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கிப் படமாக்குவது அதுதான். பட்டையை இறுக்கினாள். கையில் ஊசி குத்திக் குழாயை மாட்டினாள். பிதுக்கினால் மணி அடிக்கும் ரப்பர் பந்தை உள்ளங்கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மூச்சை இழு, விடு, நிறுத்து. மருந்துக்கு முந்தின படம் பளிங்குபோல் வந்தது. அசையவே இல்லை. அக்காவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மருந்தை ஏற்றக் கை வைத்த நேரம், மணி அடித்தது.

"அக்கா, முதுகு."

"முதுகுக்கு என்னடா?"

"அரிக்குது. முடியலை."

அரை மணி பொறுத்துக்கொள் என்றாள். மறுபடி மணி. மறுபடி.

"அக்கா, ஒரே ஒரு தடவை. கெஞ்சிக் கேக்கறேன்."

கொசுக்கடி அரிப்பு இல்லை அது. பித்தம் ரத்தத்தில் ஏறினால் தோலுக்குள்ளிருந்து வருவது. நகம் எட்டாத ஆழத்திலிருந்து. வேறொரு நோயாளியாக இருந்தால் பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொல்லியிருப்பாள். பதினோரு வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். படுக்கையை வெளியே இழுத்தாள். பட்டையை அவிழ்த்து, காயிலைத் தூக்கி, தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முதுகைச் சொறிந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். கீழே. அங்கதான். உனக்குக் கோடிப் புண்ணியம்."

"ஸ்கேன் ரூம்ல முதுகு சொறிஞ்சுக்கிட்ட முதல் ஆள் நீதான். போர்டு எழுதி மாட்டணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் முதுகைப் பார்த்தாள். நகக் கீறல்கள், காய்ந்தும் காயாமலும், தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை. விலா எலும்பை எண்ணலாம்போல் இருந்தது. இந்த உடம்பா இப்படி ஆயிற்று?

கண் நிறைந்ததை அவன் பார்க்காமல் திருப்பிப் படுக்கவைத்தாள். காயிலை வைத்தாள், பட்டையை இழுத்தாள், படுக்கையை உள்ளே தள்ளினாள். வெளியே வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு மருந்தை ஏற்றினாள்.

இருபது நிமிஷம். மெஷின் தடதடவென்று இடையில் எடுக்க வேண்டிய படங்களை எடுத்துக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமல் மூடினாள். பன்னிரண்டாவது நிமிஷம் மைக்கில் அவன் குரல்.

"உள்ளே விளக்கு எரியுதா அக்கா?"

பேசாமல் படு என்றாள்.

இருபதாவது நிமிஷத்துப் படம் திரையில் விழுந்தது. ஈரலின் இடது பாகம் வெளுத்திருந்தது. வலது பாகம் ஈரச் சிமெண்டுபோல் மங்கிக் கிடந்தது. பார்த்ததைச் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியது ஸ்கேன் டாக்டர். முகத்தைக் கழுவிக்கொண்டு போய், மூன்றாவது லிஃப்ட்டைத் தொடாமல் படியேறிப் போ என்று மட்டும் சொல்லித் தம்பியை அனுப்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்கேன் டாக்டர் அம்மாள் ஈரல் டாக்டரிடம் போனில் பேசுவது பாதி திறந்த கதவு வழியே கேட்டது. முப்பத்தொன்று.

காதில் விழுந்த அந்தக் கணம் அக்காவின் நெஞ்சில் முதலில் எழுந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. கோட்டுக்குக் கீழே. இனி அவன் அடம்பிடிக்க முடியாது. ஆபரேஷன் நடக்கும், பிழைத்துக்கொள்வான். அப்படி நினைத்ததற்கு அவளே வெட்கப்பட்டாள். அந்தப் பக்கம் அறுபட வேண்டியது முப்பது வயதுப் பெண், ஒரு தலைவலிகூட இல்லாதவள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் மூடிவிட்டுக் கன்சோலுக்குத் திரும்பினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். ஈரலைப் பார்க்கப் போனவளின் கண் ஓரத்தில் போய் நின்றது. வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு.

கொழுப்புக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே கிடையாது. இருபது நிமிஷத்தில் அது வெளுக்காது, கறுக்காது. இங்கே கறுத்திருந்தது.

இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் வட்டம் போட்டு அளந்தாள். முதலில் தொள்ளாயிரம். பிறகு எழுநூறு. இன்னொரு இடத்தில் வட்டம் போட்டாள். அங்கேயும் குறைவு. காயில் கீழே நகர்ந்திருக்கிறது. இரண்டு விரற்கடை இருக்கும். முதுகைச் சொறிந்துவிட்டுத் திரும்ப வைத்தபோது நிறைந்த கண்ணோடு பட்டையை இழுத்தாளே, அப்போது.

காயில் விலகினால் ஈரலின் வெளிச்சமும் குறைந்துதான் பதிவாகும். தூக்கி எடுத்துவிட்டால் முதல் படத்தைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொண்ட பாடம். முப்பத்தொன்று தப்பு. சரியான எண் என்ன? ஐம்பதைத் தாண்டலாம். தாண்டாமலும் போகலாம். மேலே இருக்கிற கொழுப்பு குறைந்த அளவுக்கு உள்ளே இருக்கிற ஈரல் குறையாது. யாராலும் சொல்ல முடியாது.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்?

"அண்ணி."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தம்பி மனைவி நின்றிருந்தாள். லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் நிறம் ஒத்துப் பார்ப்பவள். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள், விரல் ஓரத்தில் நீல மை அப்படியே இருந்தது. எண்ணைக் கேட்டதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை, படிவத்தை வாங்க ஈரல் டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கிறார், கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். முகம் அதீதமாகத் தெளிவாக இருந்தது.

அக்கா அவளை வராந்தாவின் கோடிக்கு, ஆக்சிஜன் சிலிண்டர்கள் நிற்கிற மூலைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். முதுகு, காயில், கொழுப்பு, எழுநூறு. தம்பி மனைவிக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு லேபிளை ரெண்டு விளக்குக்குக் கீழ வச்சு ஒத்துப் பார்த்த மாதிரி."

"அதேதான்."

"எங்க பிரஸ்ல அப்படிப் பண்ணினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." கொஞ்ச நேரம் சிலிண்டரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்போ இருக்கட்டும் அண்ணி."

அக்கா அவளைப் பார்த்தாள்.

இந்த எண் மாறினால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும் என்றாள் தம்பி மனைவி. இரண்டு வருஷம் அரிப்புக்குப் பவுடர் போட்டுக்கொண்டு சுற்றினவர். லிஃப்ட் கூண்டின் மேலே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனவர். ஆறு மாசம் தள்ளலாம் என்று ஒரு வார்த்தை கிடைத்தால் ஆறு வருஷத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். பிறகு வாரித் தூக்கிக்கொண்டு வருகிற நாளில் எந்த டாக்டரும் கை வைக்க மாட்டார்.

"அவனுக்காகன்னு சொல்றே. உன்னை வெட்டணுமே. தேவையே இல்லாம இருந்துட்டா?"

தம்பி மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறு யாருடைய ரகசியத்தையோ சொல்வதுபோல் சொன்னாள்.

"எனக்கு இன்னைக்குத் தைரியம் இருக்கு அண்ணி. அடுத்த வெள்ளிக்கிழமைவரைக்கும் இழுத்துப் பிடிச்சிடுவேன். அதுக்கு மேல தள்ளிப் போனா இருக்குமான்னு தெரியலை. ஆறு மாசம் கழிச்சு வந்து கேட்டா, முடியாதுன்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியை நோக்கிப் போய்விட்டாள்.

அக்கா அங்கேயே நின்றாள். நகம் கடிக்கிற பழக்கம் விட்டு இருபது வருஷம் ஆகிறது. இப்போது கட்டைவிரல் வாயில் இருந்தது. தம்பி பிழைக்க வேண்டும். அதற்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் போதும். மனைவியே சம்மதம் சொல்லிவிட்டாள். யார் தலையில் யார் கை வைத்தார்கள்?

ஆனால் மேஜைமேல் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து வயிற்றைத் திறக்கும்போது, அதற்குக் காரணமான எண் தன் கை நழுவியதில் பிறந்தது என்று தங்கள் இருவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் குழந்தை நாளைக்கு அத்தை என்று ஓடிவந்து மடியில் ஏறும்.

ஸ்கேன் டாக்டரின் கதவைத் தட்டினாள்.

அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுதும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அது பிறகு வரும்போலிருந்தது. படத்தை இழுத்துப் பெரிதாக்கினார்.

"முதுகு சொறிஞ்சுவிட்டே."

"ஆமா மேடம்."

"மெஷின்ல ஏத்தின உடனே தம்பின்னு ஞாபகம் வந்துடுச்சாக்கும்."

அம்மாள் பேனா முனையால் திரையைக் காட்டினார். இடது பாகம் நன்றாகவே உறிஞ்சியிருக்கிறது, குழாயில் மருந்து வெள்ளைக் கோடாக வடிகிறது. வலது பக்கக் குழாயில் ஒன்றுமே இறங்கவில்லை. பக்கத்தில் இருக்கிற மண்ணீரலோடு ஒத்துப் பார்த்தால் இடது பாகம் மோசமில்லை என்றே கண்ணுக்குத் தோன்றுகிறது. ஆனால் கண்ணுக்குத் தோன்றுவதில் கையெழுத்துப் போட முடியாது. ரிப்போர்ட்டை நிறுத்திவைக்கிறேன், ஈரல் டாக்டரிடம் நான் பேசுகிறேன். நாளன்றைக்குக் காலை எட்டரைக்கு, வெறும் வயிற்றோடு, முதலிலிருந்து எடுக்க வேண்டும். மூத்தவர் எடுப்பார். நீ எழுத்தில் ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு வீட்டில் இரு.

"தம்பிகிட்ட நீயே சொல்லிடு," என்றார். "டாக்டர் வாயால கேட்டா, எல்லாரும் சேர்ந்து விளையாடறாங்கன்னு நினைப்பான்."

இரண்டு மாடியையும் படியேறியே போனாள். ஈரல் டாக்டரின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. தம்பி கடைசி நாற்காலியில், மடியில் அட்டைமேல் வைத்த படிவத்தோடு உட்கார்ந்திருந்தான். கையெழுத்து ஆகியிருந்தது. பக்கத்தில் மனைவி. அக்காவின் நடையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

அக்கா தம்பியின் எதிரே போய் நின்றாள். "அந்தப் பேப்பரை இப்போ கொடுக்காதே."

"ஏன்?"

"எண்ணு தப்பு. என்னாலதான். நீ முதுகு சொறியச் சொன்னப்போ காயிலைத் தூக்கினேன் பாரு, திரும்ப வைக்கறப்போ நகர்ந்துடுச்சு. மேடம்கிட்ட சொல்லிட்டேன். நாளன்னைக்கு மறுபடி எடுக்கணும்."

"அப்போ நான் ஜெயிச்சேனா?"

"தெரியலைடா. ஜெயிச்சிருக்கலாம், தோத்திருக்கலாம். எடுத்தாத்தான் தெரியும்."

தம்பி துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தாள். அவன் அக்காவைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி மனைவி முகத்தில் எதையும் காட்டாமல்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளுடைய தோள்கள் இறங்கியிருந்தன. இத்தனை நாள் யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியிருந்ததுபோல் இருந்தவை, கைவிட்டதுபோல் தொப்பென்று இறங்கியிருந்தன. நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு ஒன்று வாய்வழியே வெளியே போயிற்று. ஒரு கணம்தான். பிறகு நிமிர்ந்துகொண்டாள். அந்த ஒரு கணம் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"இவ்வளவு பயமா இருந்துதா உனக்கு?"

"யாருக்குப் பயம்?"

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க வேண்டாம்பீங்க."

அவன் படிவத்தை அட்டையிலிருந்து உருவினான். நாலாக மடித்தான். கிழிக்கவில்லை, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். எழுந்தபோது அக்கா நீட்டிய கையைத் தொடவில்லை.

"நாளன்னைக்கு எண்ணு பத்து வந்தாலும் சரி, தொண்ணூறு வந்தாலும் சரி. உன்கிட்டேயிருந்து எடுக்கறதுக்கு நான் படுக்க மாட்டேன். அப்படின்னா ஸ்கேன் மட்டும் எதுக்கு?"

யாருடைய பதிலுக்கும் நிற்காமல் படியில் இறங்கினான். கைப்பிடியில் முதுகை ஒரு தடவை தேய்த்துக்கொண்டது தெரிந்தது. திருப்பத்தில் மறைந்தான்.

அக்கா படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். உண்மையைச் சொல்லி ஒருத்தியைக் கத்தியிலிருந்து நிறுத்த வந்தவள், தம்பிக்கு இருந்த ஒரே வழியையும் சேர்த்தா அடைத்துவிட்டாள்?

தம்பி மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தாள். பையின் வாரைத் தோளில் மாட்ட இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. கோபமா, அழுகையா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளன்னைக்கு எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க?"

"எட்டரைக்கு. வெறும் வயித்தோட."

"கட்டி இழுத்துக்கிட்டாவது கூட்டிட்டு வரேன்." படியை நோக்கி இரண்டு அடி வைத்தவள் நின்று திரும்பினாள். "நீங்க மட்டும் அந்த ரூம் பக்கம் வந்துடாதீங்க, அண்ணி."